பிள்ளை மேல் சொல்யூஷன் வாடை: துரத்தாதீர்கள், உலுக்காதீர்கள்

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர், பெட்ரோல் என எதன் ஆவியையாவது பிள்ளை இழுத்துக்கொண்டிருப்பதை நேரில் பார்த்துவிட்டால், முதல் வேலை குரலை உயர்த்தாமல் இருப்பது. பிள்ளை மனம் நோகுமே என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த ஆவிகள் உடம்பில் இருக்கும்போது, பயத்திலும் பதற்றத்திலும் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சற்றுக் கூடினாலும் இதயம் தாங்காமல் போகலாம். பயந்து ஓடினாலோ அடிவாங்கிப் பதறினாலோ அட்ரினலின் பாயும். துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றே போகலாம். 1970இல் அமெரிக்க மருத்துவர் மில்லார்ட் பாஸ் இப்படித் திடீரென இறந்துபோன 110 இளைஞர்களைப் பற்றி எழுதினார். முதல் தடவை இழுத்த பிள்ளைக்கும் இது நேரலாம்.

ஆகவே எதிரே வந்து, பெயர் சொல்லி, சாதாரணக் குரலில் பேசுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். கையிலிருக்கும் துணியையோ கவரையோ பிடுங்காமல் கேட்டு வாங்குங்கள். மயங்கிக் கிடந்தால் மட்டும் முகத்திலிருந்து நீங்களே எடுத்துவிடுங்கள். மூடிய அறை என்றால் சன்னலையும் கதவையும் திறந்து, பிள்ளையை மெதுவாக வெளியே கூட்டி வாருங்கள். ஃபேன், லைட் சுவிட்சைத் தொட வேண்டாம், தீக்குச்சி வேண்டவே வேண்டாம்: அறையில் நிற்பது எரியக்கூடிய ஆவி, ஒரு பொறி போதும். வெளியே வந்தபின் உட்கார வைத்து, சில மணி நேரமாவது ஓடாமல், மாடி ஏறாமல், வண்டி ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு விசாரணை கிடையாது.

மயங்கியிருந்து மூச்சு இருந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் சற்றுக் கீழ்நோக்கும்படி செய்யுங்கள். வாந்தி நுரையீரலுக்குள் போவதுதான் அடுத்த ஆபத்து. முகத்தில் தண்ணீர் அடிப்பது, கையில் இரும்புச் சாவி வைப்பது, உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, இவற்றில் எதுவும் உதவாது. முதலும் கடைசியும் கெடுதலே செய்யும். தின்னரையோ பெட்ரோலையோ விழுங்கியிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடை நனைந்திருந்தால் கழற்றிவிட்டுத் தோலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

மூச்சு இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த டியூபையோ டப்பாவையோ நன்றாக மூடி எடுத்துப் போங்கள். "என்னவோ மயக்கம் போட்டுட்டான்" என்று மானத்துக்குப் பயந்து மறைத்தால் பிள்ளைக்குத்தான் கேடு. எதை இழுத்தான் என்று தெரிந்தால்தான் அட்ரினலின் ஊசி போடும் முன் டாக்டர் யோசிப்பார். ஈ.சி.ஜி.யோடு ரத்தத்தில் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். பசைகளிலும் தின்னர்களிலும் உள்ள டொலுவீன் சிறுநீரகத்தைப் பாதித்துப் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். சில பிள்ளைகள் கைகால் தூக்க முடியாமல் வருவது இதனால்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் போதைச் சோதனைக் கிட் இந்த ஆவிகளைக் காட்டாது. அதில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியடைய வேண்டாம்.

நேரில் பார்க்காமல் சந்தேகம் மட்டும் இருந்தால்?

இந்தப் போதை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். வீட்டுக்கு வரும்போது பிள்ளை தெளிவாகவே இருப்பான், அதனால்தான் பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். வாடை மட்டும் மூச்சிலும் முடியிலும் சட்டையிலும் மணிக்கணக்கில் தங்கும். வாயையும் மூக்கையும் சுற்றிச் சிவந்த வெடிப்புப் புண், பசி குறைவு, அடிக்கடி தலைவலி, விறைத்துப்போன கைக்குட்டை, சைக்கிளே இல்லாத வீட்டில் காலி சொல்யூஷன் டியூப்கள் ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கவனியுங்கள். வாடை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பஞ்சர் கடையிலோ செருப்புப் பட்டறையிலோ வேலை செய்யும் பையன் மேல் அந்த வாடை இருக்கத்தான் செய்யும்.

பேச்சை மறுநாள், வயிற்றுக்குச் சாப்பிட்டபின், தனியாக வைத்துக்கொள்ளுங்கள். "ஏன்டா செஞ்சே?" என்ற கேள்விக்குப் பதில் வராது. "எப்போ ஆரம்பிச்சுது, யாரோட, வாரத்துக்கு எத்தனை நாள்?" என்றால் ஓரளவாவது வரும். தனியாக இருக்கும்போதும் இழுக்கிறான் என்றால் தாமதிக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14446 போதை மீட்பு உதவி எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இந்தப் பழக்கத்தை நிறுத்தத் தனி மாத்திரை கிடையாது. சோற்றில் கலந்து கொடுக்கும் பொடி என்று யாராவது விற்றால் காசுதான் போகும். நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி வரலாம். மறதியும் கவனக்குறைவும் தேற மாதங்கள் ஆகலாம், அதுவரை மதிப்பெண்ணைக் கேட்டு நச்சரிக்காதீர்கள். மறுபடி இழுத்துவிட்டால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமல்ல. எந்த இடம், எந்தக் கூட்டாளி என்று பார்த்து அதை மாற்றுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் 1.17 சதவீதம், பெரியவர்களிடம் 0.58 சதவீதம். மற்ற எந்தப் போதையிலும் பிள்ளைகள் பெரியவர்களை முந்தவில்லை. இதில் மட்டும் முந்துகிறார்கள். அதற்காக வகுப்பில் நின்று எந்தெந்தப் பொருள், எப்படி என்று பட்டியல் போடாதீர்கள், தெரியாத பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். "இது போதைப்பொருள்" என்று சொல்வதைவிட "இது விஷக்காற்று" என்று சொல்வது நல்லது. புட்டி ஒயிட்னரையும் அதன் தின்னரையும் கடைகளில் விற்க 2012இல் தடை வந்தது. சொல்யூஷனும் பெட்ரோலும் எங்கும் கிடைக்கின்றன. பள்ளிக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் தலைமையாசிரியரே நேரில் போய், சீருடையில் வரும் பிள்ளைக்குச் சொல்யூஷன் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். பிடிபட்ட மாணவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பினால், நாள் முழுக்க இழுக்க அவனுக்கு நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.