உங்கள் தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா? ஐஸிலும் கொதிநீரிலும் சோதித்துப் பார்க்கலாம்

தயிருக்கு உறை ஊற்றப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, வீட்டில் இருந்த இரண்டு தெர்மாமீட்டர்களையும் ஒன்றாக உள்ளே விட்டேன். ஒன்று 41 டிகிரி என்றது, இன்னொன்று 44 என்றது. பால் ஒன்றுதான், எதை நம்புவது? மூன்றாவதாக ஒன்றை வாங்கினால் குழப்பம் கூடுமே தவிர தீராது. விடை நமக்கு முன்பே தெரிந்த இடத்தில் அதை வைத்து, என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படி இரண்டு இடங்கள் நம் சமையலறையிலேயே இருக்கின்றன: உருகும் ஐஸ், கொதிக்கும் தண்ணீர்.

ஒரு எச்சரிக்கை. இது சமையலுக்கான, கம்பி போன்ற முனை உள்ள டிஜிட்டல் அல்லது டயல் தெர்மாமீட்டருக்கான சோதனை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் செய்ய வேண்டாம். பாதரசக் கண்ணாடிக் குழாயின் அளவு 35 முதல் 42 டிகிரி வரைதான். கொதிநீரில் விட்டால் பாதரசம் விரிய இடமில்லாமல் குழாய் உடைந்துவிடும்.

1. ஐஸை நொறுக்குங்கள்

ஐஸ்கட்டிகளைத் துணியில் சுற்றி, சப்பாத்திக் கட்டையால் தட்டிப் பொடியாக்குங்கள். ஓர் உயரமான டம்ளரை விளிம்பு வரை அந்தப் பொடியால் நிரப்பி, இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த குடிநீர் ஊற்றுங்கள். உப்புக் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு கலந்தால் கலவை 0 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி நாலு கட்டியை மிதக்கவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியில். அந்த 4 டிகிரித் தண்ணீர் கனமாக இருப்பதால் அடியில் போய்த் தங்கிவிடும். மேலே ஐஸ் மிதந்துகொண்டிருக்கும்போதே அடியில் தெர்மாமீட்டர் 4 என்று காட்டும், அதுவும் உண்மையாகவே காட்டும்! பழியை மட்டும் தெர்மாமீட்டர் மேல் போட்டுவிடுவோம். அதனால்தான் அடி வரை ஐஸ் இருக்க வேண்டும் என்கிறேன்.

2. முனையை விட்டு, கலக்கி, காத்திருங்கள்

முனை டம்ளரின் நடுவில் இருக்கட்டும், சுவரிலோ அடியிலோ படக்கூடாது. டயல் வகை என்றால் குறைந்தது 5 சென்டிமீட்டராவது மூழ்க வேண்டும், ஏனென்றால் அதன் உணரும் பகுதி நுனியில் மட்டும் இல்லாமல் கம்பியில் கொஞ்சம் மேலே வரைக்கும் இருக்கும். மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள்.

எண் சட்டென்று இறங்கும், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கும். அவசரப்படாதீர்கள். தெர்மாமீட்டர் எப்போதும் காட்டுவது தன் முனையின் வெப்பநிலையைத்தான். முனையும் ஐஸும் ஒரே குளிர்ச்சிக்கு வந்த பிறகுதான் அந்த எண் ஐஸைப் பற்றிய எண்ணாகிறது. எண் அரை நிமிடம் அசையாமல் நின்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

அறை எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு கிராம் ஐஸ் உருக ஏறக்குறைய 334 ஜூல் வெப்பம் வேண்டும். வெளியே இருந்து வரும் சூடு எல்லாம் அதற்கே செலவாகிவிடுவதால், நன்றாகக் கலந்த ஐஸ் மிச்சம் இருக்கும் வரை கலவை 0 டிகிரியை விட்டு நகராது.

3. கொதிநீரில் வையுங்கள்

தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், ஓரத்தில் குமிழி விட்டால் போதாது. முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. ஆவி கையில் அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

இங்கே விடை எல்லா ஊருக்கும் 100 இல்லை. கடற்கரையில் உள்ள சென்னையில் 100-ஐ ஒட்டி வரும். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், தண்ணீரும் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் 97, 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 93-ஐ ஒட்டி. ஊட்டியில் 93 காட்டும் தெர்மாமீட்டரைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் பொறுமையாகச் சோதித்தவர் ஸ்வீடனின் உப்சாலா நகர வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ். உருகும் பனியின் வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறவில்லை, கொதிநிலைதான் காற்றழுத்தத்தோடு மாறுகிறது என்று கண்டு, அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 100 பங்கு வைத்து 1742-இல் தன் அளவுகோலை வெளியிட்டார். அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1744-இல் அவர் இறந்த பிறகுதான் அது தலைகீழாக மாறி, நாம் பயன்படுத்தும் வடிவத்துக்கு வந்தது.

4. பிழையைக் கணக்கிடுங்கள்

இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிழை என்றால் வேலை சுலபம், எப்போதும் அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம். ஐஸில் 2 டிகிரியும் கொதிநீரில் 5 டிகிரியும் கூடுதலாகக் காட்டினால்? 100 டிகிரிக்குள் பிழை 3 டிகிரி வளர்கிறது. பால் 45 டிகிரியை நெருங்கும்போது அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறக்குறைய 1.4 வளர்ந்திருக்கும். ஆக 2-உம் 1.4-உம் சேர்த்து 3.4 டிகிரி கழிக்க வேண்டும்.

டயல் வகையில் பெரும்பாலும் முகப்புக்குப் பின்னால் ஒரு நட்டு இருக்கும். முனை ஐஸில் இருக்கும்போதே அதைச் சிறு ஸ்பேனரால் திருப்பி, முள்ளை 0-வுக்குக் கொண்டுவந்துவிடலாம். கீழே விழுந்தால் மறுபடி சோதியுங்கள்.

என் வீட்டில் 41 சொன்னது ஐஸில் 0.2 காட்டியது. 44 சொன்னது 2.9 காட்டியது, கொதிநீரிலும் அதே அளவு கூடுதல். அதன் முதுகில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ‘3 கழிக்கவும்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். தயிருக்கு இப்போது அதைத்தான் எடுக்கிறேன்.