மாக்னா கார்ட்டா பிரதிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 பிப்ரவரி 3ஆம் தேதி, இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு சாசனமான மாக்னா கார்ட்டாவில் இன்றுவரை தப்பிப் பிழைத்த நான்கு பிரதிகளும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்றாக வைக்கப்பட்டன. எண்ணூறு ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. அவற்றைக் காண 40,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் 1,215 பேருக்கு மட்டும் இடம் கிடைத்தது. அந்த எண்ணில் இருக்கும் விளம்பரச் சாமர்த்தியம் ஒருபுறம் இருக்கட்டும். பழைய சட்ட ஆவணம் ஒன்றின் பிரதிகளைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை இந்த நான்கையும் வைத்தே சொல்லிவிடலாம்.

முதல் சறுக்கல், ‘இதில் அசல் எது?’ என்று கேட்பது. ரன்னிமீட் புல்வெளியில் மன்னர் ஜான் கையெழுத்திட்ட ஒற்றை ஏடு ஒன்று இருந்தது, மற்றவை அதன் நகல்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மன்னர் கையெழுத்திடவே இல்லை, முத்திரைதான் பதிக்கப்பட்டது. எழுத்தர்கள் பல பிரதிகள் எழுதினார்கள், முத்திரை பெற்ற ஒவ்வொன்றும் அசலே. அதனால் ஒன்றை மூலமாக உட்காரவைத்து, மற்றவற்றில் மாறுபடும் இடங்களை எல்லாம் பிழை என்று அடிக்கக் கூடாது. ஒன்று அகலவாக்கில் எழுதப்பட்டிருக்கிறது, இன்னொன்று நெட்டுவாக்கில். பிரிட்டிஷ் நூலகப் பிரதிகளில் முதலில் விடுபட்ட சொற்கள் ஏட்டின் அடியில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. லிங்கன் பேராலயப் பிரதியில் அதே சொற்கள் உரைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. எழுதி முடித்தபின் யாரோ சரிபார்த்திருக்கிறார்கள் என்பது இப்படிப்பட்ட பாடபேதத்தால்தான் தெரியவருகிறது. அதைத் திருத்திச் சீராக்கிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

ஏட்டில் ‘39ஆம் பிரிவு’ எங்கே என்று தேடுவதும் வீண். ஆட்டுத்தோலில், சுருக்கெழுத்துகள் நிறைந்த லத்தீனில், பத்தி பிரிக்காமல் ஒரே ஓட்டமாக எழுதிய உரை அது. 63 பிரிவுகளாக எண்ணிட்டவர் 1759இல் வில்லியம் பிளாக்ஸ்டோன்.

ஆண்டுகளைக் குழப்பிக்கொள்வது இன்னும் பெரிய தவறு. 1215 சாசனம் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 24ஆம் தேதி போப் மூன்றாம் இன்னசென்ட் அதை ரத்து செய்துவிட்டார். பிறகு 1216, 1217, 1225 என்று திருத்தங்களுடன் மீண்டும் மீண்டும் வெளியானது. மாக்னா கார்ட்டா என்ற பெயரே 1217இல், கூடவே வந்த, காடுகள் பற்றிய வனச் சாசனத்திலிருந்து பிரித்துக் காட்ட ஏற்பட்டதுதான். இங்கிலாந்துச் சட்டத் தொகுப்பில் இன்று எஞ்சியிருக்கும் சில பிரிவுகள் 1297ஆம் ஆண்டு வெளியீட்டைச் சேர்ந்தவை. 1215இன் 39, 40ஆம் பிரிவுகள் அங்கே 29ஆம் பிரிவாக ஒன்றுசேர்ந்திருக்கின்றன. எந்த ஆண்டு ஏடு என்று குறிப்பிடாமல் எழுதப்படும் கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

அடுத்தது பழுதுபார்ப்பு. பிரிட்டிஷ் நூலகத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்று 1731இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த தீவிபத்தில் சிக்கியது. நான்கில் முத்திரை இன்னும் ஒட்டியிருப்பது அதில் மட்டும்தான். ஆனால் உருகி, உருவம் தெரியாத மெழுகுக் கட்டியாகக் கிடக்கிறது. தீக்குப் பிறகும் எழுத்து படிக்கும்படியாக இருந்ததால், 1733இல் அதைப் பார்த்துச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட முடிந்தது. பெருங்கேடு வந்தது 1830களில், நல்ல எண்ணத்தோடு செய்த சீரமைப்பில். அதன்பின் எழுத்தின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமல் போனது. வெவ்வேறு அலைநீள ஒளியில் படமெடுக்கும் முறையால் அண்மையில்தான் வரிகள் மீண்டன. ஏட்டைத் தொடாமல் செய்ய முடிந்ததைத் தொட்டுச் செய்யாதீர்கள்.

அதே பிரதி இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. 1630இல் அது டோவர் கோட்டையிலிருந்து, பழஞ்சுவடிகள் சேகரித்த ராபர்ட் காட்டனின் சேகரிப்புக்கு வந்தது. எங்கே கிடைத்ததோ அங்கேதான் அனுப்பப்பட்டது என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராலயப் பதிவேட்டில் எடுத்துவைத்த படியோடு வரலாற்றாசிரியர் டேவிட் கார்ப்பென்டர் அதை ஒப்புநோக்கினார். உரையில் உள்ள தனித்தன்மைகள் பொருந்தின. அது கேன்டர்பரிக்குப் போன ஏடு.

பட்டியலில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஹார்வர்டு சட்டக் கல்லூரி 1946இல் 27.50 டாலருக்கு வாங்கிய மாக்னா கார்ட்டா ஏடு ஒன்று, 1327இல் எடுத்த படி என்று ஏலப் பட்டியலில் பதிவாகியிருந்தது. இணையத்தில் அதன் படத்தைப் பார்த்த கார்ப்பென்டருக்குச் சந்தேகம் தட்டியது. இன்னொரு வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் வின்சென்டும் அவரும் அளவு, முதல் வரியின் நீண்ட எழுத்துகள், தொடக்கத்தின் பெரிய ‘E’ எழுத்து, சொல் வரிசை என ஒவ்வொன்றையும் சாசனம் மீண்டும் வெளியான 1300ஆம் ஆண்டின் மற்ற அசல் ஏடுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். அதுவும் 1300ஆம் ஆண்டு அசலே என்று 2025இல் அறிவித்தார்கள். பட்டியல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்பது ஆண்டுகளாக யாரும் ஏட்டை எடுத்துச் சரிபார்க்கவில்லை. இத்தனைக்கும் அதன் படம் இணையத்திலேயே கிடைத்தது.

கடைசியாக, முன்பக்கத்தை மட்டும் படமெடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். லிங்கன் பிரதியின் பின்பக்கத்தில் ‘லிங்கோல்னியா’ (லிங்கனின் லத்தீன் பெயர்) என்று அக்காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அது எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்பதற்கு முன்பக்கத்தின் நெருக்கமான வரிகள் எதிலும் அவ்வளவு நேரடியான சான்று கிடையாது.