எதிர்கால நகரம் ஒன்றை உருவாக்குவது எப்படி? கேமுக்கும் குறும்படத்துக்கும் ஒரு செய்முறை

கேமுக்கோ குறும்படத்துக்கோ எதிர்கால நகரம் வேண்டும் என்று உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள்: இரவு, மழை, ஊதா நிற நியான் பலகைகள், வானத்தை முட்டும் கோபுரங்கள், நடுவே ஒரு பறக்கும் கார். படம் நன்றாகவே வரும். இரண்டாவது படம் வரையும்போதுதான் சிக்கல். அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், காலையில் அங்கே என்ன நடக்கும், குப்பையை யார் அள்ளுவார்கள் என்று எதற்கும் பதில் இருக்காது. இந்தப் பதிவு அந்த இரண்டாவது படத்துக்காக.

நான் ஒரு சின்ன கேமுக்காக நகரம் செய்தபோது எந்த வரிசை கைகொடுத்ததோ அதே வரிசையில் எழுதுகிறேன். உதாரணமும் அந்த நகரம்தான்: பகல் வெப்பம் தாங்காமல் இரவில் மட்டும் இயங்கும் ஒரு கடலோர ஊர். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு பெட்டியை நகர்த்தவும் அதன்மேல் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) ஒட்டவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன.

படி 1: ஓர் ஆண்டு, ஒரு மாற்றம்

'தொலைதூர எதிர்காலம்' என்று பொத்தாம்பொதுவாக விடாமல் ஆண்டை எண்ணில் எழுதுங்கள். இன்றிலிருந்து 30 முதல் 60 ஆண்டுக்குள் இருந்தால் நல்லது. 300 ஆண்டு தள்ளிப் போனால் எதை வேண்டுமானாலும் வரையலாம், ஆனால் வரைந்த எதற்கும் காரணம் சொல்ல முடியாது. 2002இல் வந்த 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படம் 2054இல் நடக்கும் கதை. படப்பிடிப்புக்கு வெகு முன்பே, 1999இல், இயக்குநர் ஸ்பீல்பெர்க் பல துறை வல்லுநர்களை ஒரு ஓட்டலில் கூட்டி, அந்த ஆண்டில் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று பேச வைத்தார். படத்தில் வரும், கண்ணை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிடும் விளம்பரப் பலகை இன்று பார்த்தாலும் நம்பும்படி இருக்கிறதென்றால், ஆண்டை முடிவு செய்துவிட்டு யோசித்ததும் ஒரு காரணம்.

அப்புறம் ஒரே ஒரு மாற்றம். பறக்கும் கார், பேசும் ரோபோ, செவ்வாயில் குடியேற்றம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் எது எதனால் வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என் நகரத்தில் மாற்றம் இவ்வளவுதான்: பகலில் வெளியே வேலை செய்ய முடியாது. இதற்கு அறிவியல் உண்டு. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஓர் அளவு இருக்கிறது, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்வது. அது 35 செல்சியஸைத் தொட்டால் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்க வழியில்லாமல் போகும். நிழலில் சும்மா இருக்கிறவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. இது கோட்பாட்டு எல்லை. நிஜத்தில் ஆபத்து அதற்கு வெகு கீழேயே தொடங்கிவிடுகிறது. கடலோரம் என்று நான் வைத்ததும் காற்றில் ஈரம் அதிகம் என்பதால்தான்.

படி 2: விளைவுகளை வளையம் வளையமாக எழுதுங்கள்

எதிர்காலவியல் ஆய்வாளர் ஜெரோம் கிளென் 1971இல் உருவாக்கிய 'எதிர்காலச் சக்கரம்' என்ற எளிய முறை இதற்குப் போதும். தாளின் நடுவில் உங்கள் மாற்றம். அதைச் சுற்றி முதல் வளையத்தில் நேரடி விளைவுகள். அவை ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டாவது வளையம், அதிலிருந்து மூன்றாவது.

என் தாளில் முதல் வளையம்: பள்ளி, சந்தை, கட்டட வேலை எல்லாம் சூரியன் மறைந்த பிறகு. இது யாருக்கும் தோன்றும். இரண்டாவது வளையம்: பகலில் ஊரே தூங்குகிறது, ஆகவே நண்பகலில் ஹாரன் அடித்தால் அபராதம். பெரிய கண்ணாடி ஜன்னல் ஒரு காலத்தில் அந்தஸ்தாக இருந்தது, இப்போது பாரம். மூன்றாவது வளையம்: பகலில் வெளியே வந்தே தீர வேண்டியவர்கள் யார்? அறுந்த மின்கம்பியை இணைப்பவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அவர்களுக்குக் குளிரூட்டும் உடுப்பு வேண்டும், சம்பளத்தில் பகல்படி வேண்டும். உடுப்பு பத்துப் பேருக்கு நான்குதான் இருந்தால் முறை வைத்துப் போட வேண்டும். வேறொருவர் வியர்வை காயாத உடுப்புக்குள் நுழைகிற ஆள் கிடைத்துவிட்டார். கேமின் முக்கியப் பாத்திரம் எனக்கு இங்கேதான் கிடைத்தது. முதல் வளையத்தோடு எழுந்துவிடாதீர்கள்.

இதற்கு மைண்ட் மேப் ஆப் எதுவும் வேண்டாம். பெரிய தாளும் பென்சிலும் போதும். ஆப்பில் போட்டால் பெட்டிகளை நேராக அடுக்குவதிலேயே மாலை போய்விடும். ஏஐ படக் கருவிகளையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள் என்பேன். ஏற்கெனவே உள்ள படங்களிலிருந்து கற்றவை அவை. 'எதிர்கால நகரம்' என்று கேட்டால் பெரும்பாலும் அதே மழையும் அதே ஊதாவும்தான் திரும்பி வரும்.

முடித்ததும் ஊரின் விதிகளைத் தனியாக எழுதி வையுங்கள். 'பிளாக் பாந்தர்' (2018) படத்துக்காக அதன் தயாரிப்பு வடிவமைப்பாளர் ஹன்னா பீச்லர் தயாரித்த, வக்காண்டா என்ற கற்பனை நாட்டின் கையேடு சுமார் 500 பக்கம். நமக்கு இரண்டு பக்கம் போதும்.

படி 3: வயது அடுக்குகள்

நான் அதிக நாள் நின்ற இடம் இது. விதிகள் சரியாக இருந்தன, மாடல்களும் சரியாக இருந்தன, ஆனால் ரெண்டர் (மாடலிலிருந்து உருவாகும் இறுதிப் படம்) எடுத்துப் பார்த்தால் வீட்டுமனை விளம்பரம் மாதிரி இருந்தது. காரணம் எளியது: ஊர் முழுவதும் ஒரே நாளில் கட்டியது போலத் தெரிந்தது.

எந்த ஊரும் அப்படிக் கட்டப்படுவதில்லை. 'பிளேட் ரன்னர்' (1982) கதை நடப்பது 2019 நவம்பரில். ஆனால் அதில் வரும் முக்கியமான கட்டடங்களில் ஒன்றான பிராட்பரி கட்டடம் 1893இல் திறக்கப்பட்டது. தெருக் காட்சிகளுக்கு ஸ்டுடியோ வளாகத்தில் ஏற்கெனவே இருந்த பழைய நியூயார்க் தெரு செட்டையே எடுத்துக்கொண்டு, அதன்மேல் குழாய்களையும் கேபிள்களையும் எந்திரங்களையும் மாட்டினார்கள். வடிவமைப்பாளர் சிட் மீடின் கற்பனையும் அந்த வழியில்தான் போனது: இடித்துக் கட்ட வசதியில்லாத ஊர், பழைய சுவரின் மேலேயே புதிய தேவைகளை ஏற்றிக்கொண்டே போகும். 'ஹாஃப் லைஃப் 2' (2004) கேமின் சிட்டி 17ஐப் பாருங்கள். அதை வடிவமைத்த விக்டர் அந்தோனவ் பிறந்தது பல்கேரியாவின் சோஃபியாவில். சிட்டி 17இன் பழைய கிழக்கு ஐரோப்பியக் குடியிருப்புகளுக்கு நடுவே அந்நிய உலோகம் குத்தி நிற்கிறது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வடிவமைப்பாளர் நார்மன் பெல் கெடஸ் செய்த 'ஃபியூச்சராமா'. 1960இன் அமெரிக்காவை மாடலாகக் காட்டியது. அகலமான நெடுஞ்சாலை, அளவெடுத்து வைத்த கோபுரங்கள், எல்லாம் பளபள. அது ஜெனரல் மோட்டார்ஸின் அரங்கு. காரும் சாலையும் மக்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதே நோக்கம், அதற்கு அந்தப் பளபளப்பு பொருத்தம். உங்கள் கதையில் மனிதர்கள் குடியிருக்க வேண்டுமானால் பொருந்தாது.

செய்முறைக்கு வருவோம். பிளெண்டரில் மூன்று கலெக்‌ஷன் (பொருள்களைத் தொகுத்து வைக்கும் அடுக்கு) திறந்து 'பழசு', 'ஒட்டு', 'புதுசு' என்று பெயரிடுங்கள்.

முதலில் 'பழசு' மட்டும். எதிர்காலத்தின் வாடையே இல்லாமல் ஒரு சாதாரணத் தெருவை முழுதாகக் கட்டி முடியுங்கள். டெக்ஸ்சர் இல்லாமல் சாம்பல் நிறத்தில் ரெண்டர் எடுத்து, இது நிஜத் தெருதான் என்று தோன்றும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அவசரப்பட்டு இதைத் தாண்டுகிறவர்கள்தான் கடைசியில் திரும்பி வருகிறார்கள்.

பிறகு 'ஒட்டு'. ஒவ்வொரு கட்டடத்திடமும் ஒரே கேள்வி: மாற்றம் வந்தபோது இதன் சொந்தக்காரர் கையில் எவ்வளவு பணம் இருந்தது? பணக்கார வீட்டில் வெளிச்சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழும்பியிருக்கும், நடுவில் காற்று ஓட இடைவெளியோடு. பக்கத்து வீட்டில் வெயில் திருப்பும் தகடு ஜன்னல் மேல் ஆணியடித்து நிற்கும், ஒரு மூலை காற்றில் பிய்ந்திருக்கும். பள்ளியில் ஜன்னல்களின் கீழ்ப்பாதியைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள், பூச்சு நிறம் பொருந்தாது. தெருவிளக்குக் கம்பம் பழையதே, ஆனால் இரவில் குழந்தைகள் நடக்க அந்த வெளிச்சம் போதாது என்று இடுப்பளவில் இன்னொரு விளக்கைப் பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே எனக்கு மொத்தத் தெருவும் நிரம்பிவிட்டது.

'புதுசு' கடைசியில், மிகக் கொஞ்சமாக. என் தெருவில் ஒன்றே ஒன்று: பகலில் மாட்டிக்கொண்டவர்கள் ஓடி ஒதுங்குகிற, வெள்ளைக் கூரை போட்ட குளிர்க்கூடம். மூன்றுக்கும் நான் வைக்கும் விகிதம் தோராயமாக 6:3:1. இது கணக்கு எதுவும் போட்டு வந்ததில்லை, கண் பழகி வந்தது.

வயது என்றால் துரு டெக்ஸ்சரை எல்லாவற்றிலும் தடவுவது என்று நினைக்க வேண்டாம். கை படுகிற இடம் தேயும், கால் படுகிற படியின் நடுப்பகுதி குழியும், ஜன்னல் விளிம்புக்குக் கீழே மழைநீர்க் கறை இறங்கும். இரவு ஊரில் வெயிலைப் பார்க்கும் பெஞ்சில் பகலில் யாரும் உட்காருவதில்லை. ஆகவே அது தேயாது, வெளுக்கும். கதவுக் கைப்பிடி பளபளவென்று தேய்ந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஊரின் விதிதான் பதில் சொல்ல வேண்டும்.

(பின்சேர்க்கை: விண்கலத்துக்கு இந்த அடுக்கெல்லாம் எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அங்கும் முந்தைய குழு விட்டுப்போன பொருளும் வேறு கலத்திலிருந்து கழற்றி மாட்டிய பாகமும் இருக்குமே. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' மாடல்களைச் செய்தவர்கள், கடையில் விற்கும் டாங்கி, விமான மாடல் பெட்டிகளின் பிளாஸ்டிக் துண்டுகளைக் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டினார்கள். கிட்பேஷிங் என்பார்கள். நீங்கள் பிளெண்டரில் அதையே செய்யலாம், ஆனால் இலவசப் பாகங்களை எடுக்கும்போது உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.)

படி 4: கையில் பிடிக்கும் பொருள்கள்

மூன்று போதும்: ஓர் அறிவிப்புப் பலகை, ஒரு காகிதம், பழுதுபார்த்த ஒரு பொருள். 'ஏலியன்' (1979) படத்தின் விண்கலத்துக்கு வடிவமைப்பாளர் ரான் காப் ஒரு தொகுதிக் குறியீடுகளை வரைந்தார். இங்கே காற்றழுத்தம் இல்லை, இங்கே செயற்கை ஈர்ப்பு உண்டு என்று சொல்லும் சின்னச் சின்னச் சதுரங்கள். பாதிப் பேர் அவற்றைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அந்தக் கலத்தில் வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவை சொல்லிவிடுகின்றன. என் ஊரில் பலகை 'நண்பகல் அமைதி நேரம்', காகிதம் பகல்படி போட்ட சம்பளச் சீட்டு, பொருள் முழங்கையில் வேறு நிறத் துணி வைத்துத் தைத்த குளிர் உடுப்பு.

ஃபான்ட் விஷயத்தில் ஒன்று: யூரோஸ்டைல் வேண்டாம். 1962இல் வந்த அந்தச் சதுர எழுத்து எத்தனையோ விண்கலங்களில் ஒட்டப்பட்டுவிட்டது. அரசு அலுவலகம் தேர்ந்தெடுக்கும் சலிப்பான ஃபான்ட் இதைவிட நம்பும்படி இருக்கும்.

(பின்சேர்க்கை 2: பலகையில் தமிழ் வைத்தால் எழுத்து உடைகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். பிளெண்டரின் டெக்ஸ்ட் பொருளில் நேரடியாகத் தமிழைத் தட்டினால் பல பதிப்புகளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், உகரக் குறி ஒட்டாமல் தனியே தொங்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டுங்கள், அங்கே சரியாக வரும். பிறகு எழுத்தை 'பாத்' (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, பிளெண்டரில் இறக்குங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், பாத் ஆன பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. கேமுக்குள் ஓடும் எழுத்துக்கு, கேம் செய்யும் மென்பொருளான கோடோ 4 தமிழைச் சரியாகவே காட்டுகிறது. பழைய கோடோ 3இல் அது கிடையாது.)

படி 5: வெளிச்சம்

நிறத்தை ரசனையால் மட்டும் தேர்ந்தெடுக்காமல் கண்ணிடம் கேளுங்கள். மங்கிய வெளிச்சத்துக்கு நம் கண் பழகியதும் சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலப்பச்சை ஒப்பீட்டளவில் பளிச்சென்று தெரியும். பர்கின்ஜே விளைவு என்பது இதுதான். இரவிலேயே வாழும் ஊர் எச்சரிக்கைப் பலகைக்குச் சிவப்பு வண்ணத்தைத் தொடர்ந்து பூசுமா? என் ஊரில் வெளிர்பச்சைக்கு மாறிவிட்டார்கள். கடற்கரை ஓரம் மட்டும் அம்பர் விளக்குகள், ஏனென்றால் கடலாமைகள் முட்டையிடும் கரைகளில் இன்றும் அந்த நிறத்தைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆக ஒரே தெருவில் இரண்டு வெளிச்சம், இரண்டுக்கும் காரணம் உண்டு. ஊதா நியான் தேவையே படவில்லை.

படி 6: படமா, கேமா?

படத்துக்கு என்றால் கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் செய்யுங்கள். செட்டே போடாமலும் முடியும்: 1965இல் இயக்குநர் கோதார் 'ஆல்ஃபாவில்' படத்தை அன்றைய பாரிஸின் கட்டடங்களிலேயே எடுத்து எதிர்காலம் என்று நம்ப வைத்தார். கேமில் ஆடுபவர் எல்லாவற்றின் பின்னாலும் போய் எட்டிப் பார்ப்பார். ஆகவே தெருவின் நீளத்தைக் குறைத்து, சுவர்களை 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அவற்றையே திரும்பத் திரும்ப அடுக்குங்கள். வேறுபாட்டை 'ஒட்டு' அடுக்கு பார்த்துக்கொள்ளும். கண் உயரம் 1.6 மீட்டரில் கேமராவை வைத்து நடந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது அழகாக இருந்த தெரு பல நேரம் அந்த உயரத்தில் வெறிச்சோடித் தெரியும்.

படி 7: காட்டிக் கேளுங்கள்

விவரம் எதுவும் சொல்லாமல் ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'இந்த ஊரில் ஆட்கள் எப்போது தூங்குவார்கள்? யாருக்கு இங்கே கஷ்டம்?' என்று கேளுங்கள். பதில் நீங்கள் எழுதி வைத்த இரண்டு பக்க விதிகளோடு பொருந்தவில்லை என்றால் திருத்த வேண்டியது பெரும்பாலும் மூன்றாம் படியில் இருக்கும்.

(பின்சேர்க்கை 3: கேம் செய்யும் இன்னொரு மென்பொருளான அன்ரியலில் இறக்கியதும் ஊர் எறும்பு அளவில் வருகிறது, அல்லது மலை அளவில் வருகிறது என்பவர்களுக்கு: பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர், அன்ரியலில் ஒரு சென்டிமீட்டர். 100 மடங்கு வித்தியாசம் அங்கிருந்துதான். ஏற்றுமதி செய்யும் முன் ஸ்கேலை அப்ளை செய்துவிட்டு, ஒரே ஒரு கதவை மட்டும் அனுப்பி, பக்கத்தில் பாத்திரத்தை நிறுத்திப் பாருங்கள். கோடோவிலும் அலகு மீட்டர்தான், அங்கே இந்தத் தொல்லை இல்லை.)