கிராக் போட்ட கம்ப்யூட்டர் என் கடைக்கு வந்தால்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருவதில் பாதி உப்புக்காற்றுக் கேஸ். மதர்போர்டில் பச்சை பூத்திருக்கும், துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மீதிப் பாதி, "நான் ஒண்ணுமே பண்ணலண்ணே" என்று ஆரம்பிக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் என்ன பண்ணினார்கள் என்று தெரிந்துவிடும்: கிராக், அதாவது காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரைச் சும்மா ஓட்டவைக்கும் திருட்டு ஃபைல்.

ஒரு வைகாசி முகூர்த்த சமயம். ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்குக் கிராக் இறக்கியிருக்கிறார். ஓட்டியதும் விண்டோஸ் அப்டேட் மாதிரி ஒரு திரை வந்திருக்கிறது. சரி, ஓடட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால் எல்லா போட்டோவின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு சீட்டு: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர். அதில் 'ஸ்டாப்' என்ற குடும்பத்தின் வேலை அது. 2018-லிருந்து கிராக், கீஜென் (பொய் லைசென்ஸ் நம்பர் உருவாக்கும் புரோகிராம்) வழியாகவே அதிகம் பரவுகிறது. அந்த அப்டேட் திரையும் பொய். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் செருகியே இருந்ததால் அதுவும் போனது. இந்த வகை ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும் என்பதால் நீளமான வீடியோக்களை ரிப்பேர் செய்ய முடிந்தது. போட்டோக்களை முடியவில்லை.

இறக்கிய ஃபைலைத் திறப்பதற்கு முன்பே அதன் யோக்கியதை தெரியும். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். உங்களுக்காக இல்லை, ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று இருந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள். இன்னொன்று, அளவைப் பாருங்கள். 10 எம்பி ஜிப், பிரித்ததும் 700 எம்பி ஆகிறதா? உள்ளே பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள். ஃபைலை ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் 650 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது, அதனால்தான் இப்படி ஊதிவைக்கிறார்கள். விண்டோஸ் 11-இல் ஃபோல்டரைத் திறந்து, மேலே வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்யுங்கள். பிடிஎஃப் வேஷம் போட்ட இஎக்ஸ்இ, அதாவது கிளிக் செய்ததும் ஓடும் புரோகிராம், அப்போது மாட்டும்.

சத்தமே போடாமல் திருடுகிற வகைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, குக்கி (நீங்கள் லாகின் செய்திருப்பதற்கான அடையாளச் சீட்டு) எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிட்டுப் போய்விடும். குக்கி கையில் இருந்தால் பல இடங்களில் ஓடிபி கூடக் கேட்காது.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள், வெளி டிஸ்க்கைப் பிடுங்குங்கள். ஃபைல் பெயர்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் பவரை நிறுத்துங்கள். அப்புறம் செல்போனிலிருந்து, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அல்ல, மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். ரான்சம்வேர் என்றால் பணம் கட்ட வேண்டாம். கட்டினாலும் பூட்டைத் திறக்கும் சாவி வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அந்தச் சீட்டையும் பூட்டிய ஃபைல் இரண்டையும் எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோப்போலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-இல் ஆரம்பித்த 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அவற்றை ஏற்றினால், சாவி இருந்தால் இலவசமாகக் கிடைக்கும். கிராக்கை அன்இன்ஸ்டால் செய்வதால் பிரயோஜனமில்லை. வேறு நல்ல கம்ப்யூட்டரில் தயாரித்த விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவால் ஃபார்மேட்தான்.

கிராக் இல்லாமல் வேலை நடக்குமா என்று கேட்பார்கள். கணக்குக்கும் கடிதத்துக்கும் லிப்ரேஆபிஸ் போதும். போட்டோவுக்கு ஜிம்ப், பத்து நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை பழகிவிடும். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும்.

அந்தத் தம்பி இப்போது இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு டப்பாவில் போட்டு அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக் காப்பி போட்டுவிட்டு உடனே கழற்றிவிடுகிறார்.