காந்தக் கவசத்துக்கான படிக உருவற்ற உலோகம்: கலவையில் நேரும் தவறுகள்

உருகிய உலோகக்கலவையைச் சுழலும் செப்புச் சக்கரத்தின் மீது பாய்ச்சி, அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமே தராமல் நொடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர்வித்தால், ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனுள்ள படிக உருவற்ற உலோக நாடா கிடைக்கிறது. அதைக் கொண்டு காந்தக் கவசம், அதாவது வெளிக் காந்தப்புலம் உள்ளே புகாமல் தடுக்கும் உறை, செய்ய முனைவோர் பலர், உட்புகுதிறன் (காந்தப்புலத்தைத் தன்னுள் எவ்வளவு எளிதாக ஈர்த்துக்கொள்ளும் என்ற அளவு) என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தே கலவையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தவறுகளில் பெரியது இதுவே என்பேன்.

உட்புகுதிறனில் கோபால்ட் கலவைகளை விஞ்சுவது கடினம். ஆனால் அவற்றுள் பெயர்பெற்ற மெட்கிளாஸ் 2714ஏ என்ற வணிகப் பெயருள்ள நாடா, 0.57 டெஸ்லாவிலேயே (டெஸ்லா என்பது காந்தப்பாய அடர்த்தியின் அலகு) தெவிட்டிவிடுகிறது, அதாவது அதற்கு மேல் காந்தப்பாயத்தை ஏற்க இயலாமல் போகிறது. இரும்பு 78, போரான் 13, சிலிக்கான் 9 என்ற விகிதத்தை ஒட்டிய கலவையோ 1.56 டெஸ்லா வரை தாங்கும். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் நாடாவை ஒரே ஒரு அடுக்காகச் சுற்றியிருப்பதாகக் கொள்வோம். குறுக்காக வரும் வெளிப்புலத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனால் வகுத்தால், நாடாவினுள் சேரும் காந்தப்பாய அடர்த்தி தோராயமாகக் கிடைக்கும். புவியின் 50 மைக்ரோடெஸ்லா புலத்துக்கு அது 0.25 டெஸ்லா, கோபால்ட் எளிதாகத் தாங்கும். அருகிலுள்ள மின்மாற்றியால் புலம் 1 மில்லிடெஸ்லாவாக உயர்ந்தால் விடை 5 டெஸ்லா. ஒற்றை அடுக்கில் எந்தக் கலவையும் தாங்காது. இரும்புக் கலவைக்கு நான்கு அடுக்குகள் வேண்டும், கோபால்ட்டுக்கு ஒன்பது வேண்டும். வலிமையான புலத்தை வெளியே இரும்புக் கலவையால் தணித்து, எஞ்சியதை உள்ளே கோபால்ட்டிடம் விடுவதே முறை.

தெவிட்டல் எல்லையை உயர்த்துவதற்காகக் கோபால்ட் கலவையில் இரும்பைக் கூட்டுவதும் தவறு. கோபால்ட்டும் இரும்பும் ஏறத்தாழ 94க்கு 6 என்றிருக்கும்போதுதான், காந்தமாகும்போது நீளம் மாறும் இயல்பு பூஜ்யத்தை நெருங்குகிறது. இரும்புக் கலவையில் அந்த மாற்றம் 10 லட்சத்தில் 27 பங்கு. அதனால் நாடாவை இறுக்கிச் சுற்றினாலோ, பிசின் உறையும்போது சுருங்கி இழுத்தாலோ உட்புகுதிறன் சரிந்துவிடும்.

கலவையின் சூத்திரத்தில் உள்ள எண்கள் அணுக்களின் சதவீதம் என்பதை மறந்து எடைபோடுவோரும் உண்டு. 13 என்று குறித்த போரான், எடையில் 3 சதவீதமே. 13 சதவீத எடைக்குப் போட்டால் பத்தில் நான்கு அணுக்கள் போரானாகிவிடும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, படிகமாகும் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது. 2714ஏ படிகமாவது 550 டிகிரி செல்சியஸ் அளவில்தான் என்றாலும், 225 டிகிரியிலேயே அதன் ஃபெர்ரோகாந்தத் தன்மை (இரும்பைப் போல வலுவாகக் காந்தமாகும் இயல்பு) மறைந்து, கவசம் வெறும் தகடாகிவிடுகிறது.