கச்சேரியும் ஓவியமும் கண்ட பின் குறிப்பெழுதும் முறை

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் அரங்கில் நாடகமோ கச்சேரியோ பார்த்த இரவு, வீடு திரும்பும் எம்ஆர்டி ரயிலிலேயே குறிப்பெழுதத் தொடங்கிவிடுங்கள். விடிவதற்குள் பாதி மறந்துவிடும். கதைச்சுருக்கம் வேண்டாம். முக்கியமான சொல்லுக்கு முன் நடிகர் எவ்வளவு நேரம் மௌனம் காத்தார், இரு பாடல்களுக்கு இடையே மிருதங்க வித்வான் சிறு கல்லால் விளிம்பைத் தட்டி எப்படிச் சுருதி சேர்த்தார் என்பன போன்று, கண்ணும் காதும் நேரில் பற்றியவற்றையே முதலில் எழுதுங்கள். பிடித்ததா, இல்லையா என்ற தீர்ப்பு பிறகு வரட்டும்.

ஓவியத்துக்கு அவசரம் ஆகாது. பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்து 2015இல் தேசியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்ட கட்டடத்தில், ஒரே படத்தின் முன் பத்து நிமிடம் நின்று, விளக்கப் பலகையைக் கடைசியில் படியுங்கள். நான் பெரிதும் நம்பும் பழக்கம் இதுவே. பயணக் குறிப்புகளையும் அன்றன்றே எழுதி, தேதியிட்டு வையுங்கள்.