காடைக்குஞ்சு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடுங்கள், கீழே வழுக்காமல் பாருங்கள் என்பதையெல்லாம் குஞ்சு விற்பவரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோழிக்குஞ்சுக்குப் போட்ட பல்பே போதும் என்று நினைப்பது

"இத்தனூண்டு குஞ்சு, இதுக்கு எவ்வளவு சூடு வேணும்?" புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்பது இதைத்தான். எனக்கு எரிச்சலாக வரும். இத்தனூண்டாக இருப்பதால்தான் அதிகச் சூடு வேண்டும்.

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ., கன அளவு 1. பக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் பரப்பு 24, கன அளவு 8. கனசதுரத்தை உடம்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு கன செ.மீ. உடம்புக்கு 6 சதுர செ.மீ. ஆக இருந்த தோல் 3 ஆகக் குறைகிறது. சூடு உடம்பு முழுக்க உண்டாகிறது, பெரும்பாலும் தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. பொரிந்த அன்று கோழிக்குஞ்சு சுமார் 40 கிராம் இருக்கும். காடைக்குஞ்சு 8 கிராம்தான். கணக்குப் போட்டால் ஒரு கிராம் உடம்புக்குக் காடைக்கு ஏறத்தாழ 1.7 மடங்கு தோல். அதன்மேல் இறகும் கிடையாது, வெறும் பூமயிர்.

போன மார்கழியில் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் பல்பைக் கோழிக்குஞ்சுக்குத் தொங்கவிட்ட உயரத்திலேயே விட்டுவிட்டார். வெப்பமானியோ ஆள் உயரத்தில், சுவரில். அது காட்டிய சூடு தரையில் இல்லை. விடிந்து பார்த்தால் மூலையில் ஒரு குவியல். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் காற்றுபடும் பரப்பு குறையும், அதற்காகத்தான் குவிகின்றன. அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் செத்துப்போயின. தம்பி பொரிப்பகத்துக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்!

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பல்புக்கடியில் நெருக்கியடித்தால் குளிருகிறது, விலகி ஓடினால் சூடு அதிகம், பரவி மேய்ந்தால் சரி.

மூலையுள்ள பெட்டி

வேண்டாம். அட்டையை வட்டமாக வளைத்து நிறுத்துங்கள்.

ஈரக் கூளம்

உடனே மாற்றுங்கள்.

ராத்திரி தீவனத்தை எடுத்துவிடுவது

இழக்கிற சூட்டைத் தின்றுதான் ஈடுகட்ட வேண்டும். சின்ன உடம்பில் சேமிப்பும் குறைவு. தட்டு அங்கேயே இருக்கட்டும்.

இதே பழக்கத்தைப் பெரிய கோழியிடம் காட்டுவது

2 கிலோ பிராய்லருக்குக் கணக்கு தலைகீழ். உண்டாகிற சூட்டை வெளியேற்றத் தோல் போதாது, வியர்வைச் சுரப்பியும் கிடையாது. சித்திரை வெயிலில் சிறகை விரித்து நின்று வாயால் மூச்சு வாங்குவது அதனால்தான். அந்த நேரத்தில் தீவனம் வைத்தால் செரிமானச் சூடும் சேர்ந்துகொள்ளும். காலையில் வையுங்கள், வெயில் தாழ்ந்தபின் மறுபடி வையுங்கள். நடுப்பகலில் குளிர்ந்த தண்ணீர் மட்டும் போதும்.